நீர்வாசல் தாழ்ப்பாள்

அறுபது வயதில் கராகுஷ் பெக் ரொட்டிக்குப் பயந்தார். தண்ணீருக்குப் பயந்தார். முதுகுக்குப் பின்னால் யாராவது தும்மினால்கூட அவர் கை தானாகக் கத்திக்குப் போனது.

இத்தனைக்கும் பயம் என்றால் என்னவென்று ஊருக்கெல்லாம் காட்டிய மனிதர் அவர். நாற்பது கூடாரங்களோடு கிழக்கேயிருந்து வந்த துருக்மான் தலைவர். ரோமர்களின் எல்லையில், ஆற்றை ஒட்டிய குன்றின் மேல் இருந்த கோட்டையைப் பிடித்து, இனி இது என் வம்சத்துக்கு என்று அறிவித்தார். பதினெட்டு வருடங்களாக அந்தச் சொல்லை மறுத்துப் பேச யாருக்கும் துணிவு வரவில்லை. துணிந்த ஓரிருவரும் நெடுநாள் இருக்கவில்லை.

அன்று முற்பகலில் அவர் குன்றிலிருந்து இறங்கித் தவக்குல் பாபாவின் கூடாரத்துக்கு வந்தார். கூடவே காவல் தலைவன் ஒருவன். அவனைக் கூடார வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாபா பெக்கின் குரு. சீடரைவிடக் குருவுக்குப் பத்து வயது குறைவு. கோட்டை விழுந்து இரண்டு வருடம் கழித்து எங்கிருந்தோ வந்து ஆற்றங்கரையில் தங்கிவிட்ட துறவி. அவருடைய துருக்கியப் பேச்சில் ஏதோ வேற்றூர் வாடை அடிக்கும். துறவியிடம் ஊர் கேட்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் கேட்டதில்லை.

பாபா ஒரு கிண்ணம் மோர் கொடுத்தார். பெக் வாங்கினார், குடிக்கவில்லை. பாபா கிண்ணத்தைத் திரும்ப வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். பெக்குக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாபாவின் தொண்டையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

"என் தம்பியைக் கொல்லப் போகிறேன்," என்றார். "நீங்கள் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்."

தம்பி ஐதோகு மூன்று நாளாகக் கோட்டையின் பாழுங்கிணற்றுக்குள் கிடந்தான். காரணம், கொள்ளை விருந்து.

துருக்மான்களின் வழக்கம் அது. வருடத்தில் ஒரு நாள் தலைவன் எல்லோருக்கும் விருந்து வைப்பான். விருந்து முடிந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு வெளியேறிவிடுவான். உள்ளே இருப்பது அத்தனையும் வந்தவர்களுக்கு. ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எடுத்தவன் தலைவனுடைய ஆள். எடுக்காமல் போகிறவன் உறவை அறுத்துக்கொண்டவன். இந்த வருட விருந்தில் ஐதோகு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்விட்டான்.

"கொள்ளைக்கு என்ன வைத்தீர்கள்?" என்று பாபா கேட்டார்.

பெக் கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னார்.

முன்பெல்லாம் வாளும் சேணமும் வைத்தவர், இந்த முறை நல்லதையெல்லாம் மேல்தளத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒருவன் கையில் வாள் கிடைத்தால் அது யார் மேல் பாயும் என்று யார் கண்டார்கள்? கூடத்தில் பரப்பியது ஓட்டை அண்டாவும் பூச்சி அரித்த கம்பளமும்தான்.

"ஐதோகு அதைப் பார்த்தானா?"

"பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் பாபா, மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை."

ஆள வந்த குடும்பத்தின் இரத்தம் மண்ணில் சிந்தக் கூடாது என்பதால் வில்லின் நாணால் கழுத்தை இறுக்கித்தான் காரியத்தை முடிக்க வேண்டும். அதற்கும் பெக் தன் வாயால் ஆணை சொல்ல வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை கிணற்றடிக்குப் போய், சொல்ல முடியாமல் திரும்பியிருந்தார். சிறு வயதில் அவனை முதுகில் சுமந்து ஆறு கடந்தவர். ஆனால் அவனோடு முடிந்துவிடுமா என்பது வேறு சந்தேகம். அவனுக்கு மைத்துனன் இருக்கிறான், மைத்துனனுக்குக் குதிரைப்படை இருக்கிறது. கொல்ல வேண்டியவர்கள் இன்னும் இரண்டு பேர் மனதில் இருக்கிறார்கள் என்றார். சற்று நேரத்தில் அது நான்கு பேர் ஆயிற்று.

பாபா நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "இந்தக் கோட்டையை எப்படிப் பிடித்தீர்கள்?" என்று கேட்டார்.

பெக்குக்கு எரிச்சல் வந்தது. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. நாற்பது நாள் முற்றுகை. படையில் பசி. நாற்பத்தோராம் நாள் அதிகாலையில் ஆற்றுப் பக்கம் இருந்த நீர்வாசலின் தாழ்ப்பாள் விலகிக் கிடந்தது. அங்கே ஒரு ஆள்கூட இல்லை. வானவர் வந்து திறந்துவிட்டார் என்று பாணர்கள் பாடுகிறார்கள். கராகுஷின் வம்சத்தை இறைவனே தேர்ந்தெடுத்தான் என்பதற்கு அந்தப் பாட்டுதான் சாட்சி.

"நாற்பது நாளும் சும்மாவா இருந்தீர்கள்?"

"சும்மா எங்கே இருந்தேன்?" பெக்குக்குப் பழைய குறும்பு ஒன்று நினைவு வந்தது. "தோல் துண்டில் எழுதி அம்பில் கட்டி உள்ளே எய்தேன். 'உன் கதவுக்காரர்களில் ஒருவன் என் ஆள்' என்று. சுத்தப் பொய். உள்ளே என் ஆள் ஒரு ஈ காக்கைகூட இல்லை. அவர்கள் தளபதிக்குக் கொஞ்சம் தூக்கம் கெடட்டுமே என்று செய்தது."

"கெட்டது," என்றார் பாபா.

பெக் நிமிர்ந்து பார்த்தார்.

"வாசல் மூன்று, கதவுக்காரர்கள் மூவர். வடக்கு வாசலில் லேவோன். மேற்கு வாசலில் தோமா. மூவரும் பத்து வருடம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். உங்கள் அம்பு வந்த மறுநாள் தளபதி லேவோனைத் தூக்கிலிட்டார். அவன் முந்தைய நாள் காய்ச்சலில் படுத்து, அவரைக் கண்டு வணங்க வரவில்லை. அது போதுமானதாக இருந்தது. பிறகு நான்கு நாள் கழித்துத் தோமா. அவன் லேவோனுக்காக அழுதான்."

கேட்க வேண்டாம் என்று பெக்கின் மனம் சொன்னது. கேட்டார்.

"மூன்றாமவன்?"

பாபா வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சுண்டுவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தழும்பு ஒன்று ஓடியது.

"துருப்பிடித்த இரும்பு. இழுத்தபோது கை கிழிந்துவிட்டது. வானவராக இருந்தால் கிழிந்திருக்காது."

பெக்கின் கை கத்தியில் இருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. பதினெட்டு வருடத்துப் பாட்டு, வம்சம், இறைவனின் தேர்வு, எல்லாம் ஒரு மனிதனின் கிழிந்த கையில் வந்து நின்றுவிட்டது. அதற்கும் மேல் ஒன்று அவரை நடுங்க வைத்தது. ஒரு கோட்டையைக் காட்டிக்கொடுத்தவன் கையால் இத்தனை வருடம் மோர் வாங்கிக் குடித்திருக்கிறார்.

"இது வேறு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கு."

"என்னிடம் பரிசு வாங்க ஏன் வரவில்லை?"

"உங்களுக்காகத் திறக்கவில்லையே. லேவோன் சாகும் வரைக்கும் அந்தத் தளபதிக்காக உயிரைக் கொடுக்க இருந்தவன் நான். தோமா செத்த பிறகு ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்துப் பயந்தார். நான் அவரைப் பார்த்துப் பயந்தேன். ஐந்து நாள் அப்படிப் போனது."

பெக் எழுந்துவிட்டார். குரல் உயர்ந்தது, மரியாதை போனது.

"அவன் முட்டாள். வரிசையைத் தவறவிட்டான். லேவோனை விட்டுவிட்டு முதலில் உன்னைக் கொன்றிருந்தால் கோட்டை இன்றைக்கும் அவனுடையதாக இருந்திருக்கும்."

பேச்சு உயர்ந்ததைக் கேட்டுக் காவல் தலைவன் திரையை விலக்கிப் பார்த்தான். அவன் இடுப்பில் வில்லின் நாண் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நான்காவது முறையாகக் கிணற்றடிக்குப் போக அவன் தயாராகத்தான் வந்திருந்தான். ஆணையா என்பது போல் பெக்கின் முகத்தைப் பார்த்தான்.

பாபா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"என்னை முதலில் கொன்றிருந்தால், பெக், லேவோன் திறந்திருப்பான்," என்றார்.

காவல் தலைவன் காத்திருந்தான். பெக் வாய் திறக்கவில்லை.