ஒரே நாளில் வந்த லைசென்ஸ்

கொழுந்தாயியின் இட்லி வண்டியை லைசென்ஸ் இல்லையென்று பிடித்து வைத்தவரே நகராட்சி கமிஷனர்தான். வெளிநாட்டு உதவியில் நடக்கும் 'ஒரே நாளில் கடை லைசென்ஸ்' திட்டத்தை மதிப்பிட, உதவி தரும் நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார் என்றதும், அதே வண்டியைக் கழுவி அலுவலக வாசலில் நிறுத்தினார்.

"ஒரே நாள்ல கிடைச்சுதுன்னு சொல்லு. இல்லேன்னா வண்டி காயலான் கடைக்குத்தான்!"

கொழுந்தாயி சிரித்தபடி நின்றாள்.

லைசென்ஸ் எத்தனை நாளில் கிடைத்தது என்று மேடம் கேட்டதும், "ஒரே நாள்தாம்மா, அதுவும் இன்னைக்குத்தான்! ஐயா கையெழுத்துப் போடுவாரு, நீங்களே உங்க கையால குடுங்க" என்றாள்.

கமிஷனர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"மனு எப்ப குடுத்தீங்க?" லைசென்ஸைக் கொடுத்தபடி மேடம் கேட்டார்.

கொழுந்தாயி லைசென்ஸை மடியில் செருகிக்கொண்டு, பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினாள்.

"அப்ப இவ என் வயித்துல இருந்தா. இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. அதையும் எழுதிக்குங்கம்மா!"