கொட்டலசு வாயை மூடிய கதை

அந்தக் காலத்தில் கொட்டலசுக்கு வாய் இருந்தது. படகின் அடியில் குட்டிக் குட்டிக் கோபுரமாக ஓடு மூடிய ஒரு கடல் உயிர் ஒட்டி வளர்கிறதே, அதேதான். உச்சியில் ஒரு சின்னக் கதவு. அது எப்போதும் திறந்தே கிடக்கும். கடற்காகம் மாதிரிக் கத்தும், ஏலக்காரர் மாதிரிக் கூவும், கோயில் மணி மாதிரிக்கூட அடிக்கும். இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. இப்போது இல்லை. முதலில் தொம்மையின் கவலையைக் கேட்டுவிடுவோம்.

தொம்மை தன் கையாலேயே ஒரு படகு கட்டி, தண்ணீருக்கு மேலே மஞ்சளும் கீழே சிவப்பும் பூசியிருந்தார். மூன்றே மாதத்தில் அடியெல்லாம் கொட்டலசு. படகு ஆமையாக ஊர்ந்தது. அவர் கரை சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிடும். பிடித்த மீனெல்லாம் கருவாடாகும்.

"நாளைக்கும் கடைசியா வந்தீங்கன்னா நான் கடலுக்குப் போறேன். நீங்க கருவாட்டுக்குக் காக்கா விரட்டுங்க," என்றாள் மனைவி பிரகாசி.

தொம்மை படகை மணலில் இழுத்துச் சாய்த்தார். தேங்காய்ச் சிரட்டையால் கொட்டலசை ஒரு சுரண்டு சுரண்டியதும், "மெதுவாப்பா, கூசுது," என்றது ஒரு குரல்.

"யாரு?"

"உங்க படகுதான்ப்பா. பெத்த பிள்ளையை இப்படியா பிறாண்டுவாங்க?"

தொம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. சிரட்டையைப் போட்டுவிட்டு உள்ளங்கையால் தடவினார். ஒரு கொட்டலசும் அசையவில்லை, உள்ளங்கைதான் கிழிந்தது.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்ப்பா. தேங்காய் எண்ணெய் இருக்கா?"

எண்ணெயும் வந்தது. கொண்டுவந்த பிரகாசி, "என் தலை பரட்டையாக் கிடக்கு. படகுக்கு எண்ணெய்க் குளியலா?" என்றாள்.

"அது பேசுது பிரகாசி."

"அப்படியா? எங்கிட்ட ஒரு நாளும் பேசலையே," என்று போய்விட்டாள்.

படகு மாதிரிப் பேசிய கொட்டலசைப் பார்த்து மற்ற கொட்டலசுகள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கின. வெயில் ஏறியது. தொம்மை பாசத்தோடு கேட்டார்: "திருவிழாவுக்கு உனக்குப் புது வர்ணம் பூசப் போறேன் மகளே. என்ன நிறம் வேணும்?"

கொட்டலசு யோசிக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து அது பார்த்தது ஒரே நிறம்தான்.

"இப்ப இருக்கிற மாதிரியே போதும்ப்பா. உச்சியிலேருந்து அடி வரைக்கும் சிவப்பு."

தொம்மை தலையாட்டினார். எண்ணெயைத் தொட்டார், தடவினார். அப்புறம் கை மெல்ல நின்றது. தலை மெல்ல நிமிர்ந்தது. மேலே வெயிலில் படகின் மஞ்சள் பளபளத்தது.

சிரட்டை எங்கே என்று கை தானாகவே மணலைத் துழாவியது.

"மகளே," என்றார், குரலில் தேன் வடிய. "எங்கே, அதை இன்னொரு தடவை சொல்லு."

படக், படக், படக் என்று அடி முழுக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன. அன்று மூடிய வாய்தான். இன்றைக்கும் கரையேற்றிய படகைத் தட்டிப் பாருங்கள். கொட்டலசு கதவையும் திறக்காது, மூச்சும் விடாது.