கல்லறை முன் வாசித்த அத்தியாயம்

"சிஸ்டர், கடைசி அத்தியாயத்தை எடுத்துடட்டுமா?"

உட்காரக்கூட இல்லை, வந்ததும் கேட்டுவிட்டார் சவரியப்பன்.

வரலாற்றுத் துறையில் தலை நரைக்கப் பாடம் நடத்தியவர். தான் வேலை பார்க்கும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றையே முனைவர் பட்டத்துக்கு எடுத்திருந்தார். அவருக்கு நெறியாளர் சிஸ்டர் லெயோனி. வயதில் அவரைவிட இளையவர்.

"ஏன் சார்?"

"நூற்றாண்டு விழாவுல இதைப் புத்தகமா வெளியிடப்போறாங்க. பிஷப் வர்றார்."

"வரட்டுமே."

"அதுல ஃபாதர் பெர்ஷாம் கதவைச் சாத்தினது இருக்கு, சிஸ்டர்."

கீற்றுக் கொட்டகையில் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, கல்லூரியாக வளர்ந்து, பல்கலைக்கழகமாகிவிட்ட அந்த இடத்துக்கு முதல் கல் நாட்டியவர் ஃபாதர் பெர்ஷாம். ஒரு புயல் வருடம் காலரா பரவியது. உப்பளத்து ஜனங்கள் அடைக்கலம் கேட்டு வாசலுக்கு வந்தார்கள். விடுதிப் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமென்று பயந்து அவர் கதவைத் திறக்கவில்லை. வாசலிலேயே, மழையிலேயே பலர் செத்துப்போனார்கள்.

உப்பளத்துக் குடும்பங்கள் செத்தவர்களை இன்றும் பேர் சொல்லி அழுகின்றன. சவரியப்பன் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருந்தார்.

"எழுதினதுல பொய் ஏதாவது இருக்கா?"

"ஒரு வரிகூட இல்ல."

"அப்புறம் என்ன?"



"எங்க அப்பா கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டது அவர் பள்ளிக்கூடத்துலதான். நான் சாப்பிடற சோறு அவர் போட்டது. வீட்டுல அவர் படம் மாட்டியிருக்கு. எழுதினதுலருந்து அதை நிமிர்ந்து பார்க்க முடியல."

சிஸ்டர் எழுந்தார்.

"அத்தியாயத்தை எடுத்துக்கிட்டு வாங்க."

சிற்றாலயத்தில், பீடத்துக்கு இடப்பக்கம் ஃபாதர் பெர்ஷாமின் கல்லறை. விழாவுக்காகப் போட்ட மாலைகள் கல்லே தெரியாமல் குவிந்து கிடந்தன.

"வாசிங்க."

"இங்கேயா?"

"அவரைப் பத்தித்தானே எழுதியிருக்கீங்க? கேட்கட்டும்."

வாசித்தார். செத்தவர்களின் பெயர்கள் வந்த இடத்தில் குரல் உடைந்தது. சிஸ்டர் காத்திருந்தார். சவரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் வாசித்து முடித்தார்.

சிஸ்டர் குனிந்து மாலைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். அடியில், கல்லில், சவரியப்பன் இதுவரை உற்றுப் பார்த்திராத, தேய்ந்துபோன எழுத்துகள்.

"சாகறதுக்கு முன்னாடி அவரே வெட்டச்சொன்னது. இதையும் வாசிங்க."

சவரியப்பன் கிட்டே போய், எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இங்கே... ஒரு பாவி கிடக்கிறான். இவனுக்காக மன்றாடுங்கள்."

அந்த எழுத்துகளை விரலால் தடவிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ, எடுக்க வேண்டாமா சிஸ்டர்?"

"எதுக்காக மன்றாடணும்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா, சார்?"

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு சவரியப்பனுக்கு மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

அப்படியே முழங்காலிட்டார்.