கத்தரிச் செடிக்குப் பொடி ஈ பிடித்த கதை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, குரங்கும் மனுஷனும் ஒரே சந்தையில் பேரம் பேசின காலத்திலே, நீர்மங்கலம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே வெளியில் எதை நட்டாலும் குரங்கு விடாது. வெண்டை நட்டால் வெண்டை போச்சு, மிளகாய் நட்டால் மிளகாய் போச்சு, காவலுக்கு ஆளை நிறுத்தினால் அவன் தலைப்பாகையும் போச்சு. ராஜா யோசித்தார். தோட்டத்தையே தூக்கி அரண்மனைக் கூடத்துக்குள் வைத்துவிட்டார். பெரிய பெரிய ஜன்னல்கள், வரிசை வரிசையாக மண்தொட்டிகள். அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பூங்காவனம் என்று ஒரு பெண். அவள் புருஷன் வேலாயுதம் அரண்மனைச் சமையல்காரன்.

நீர்மங்கலத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய் அந்த வீட்டுச் செடிக்கு ஊற்றவேண்டும். கல்யாண வீடானாலும் சரி, சாவு வீடானாலும் சரி, செம்பில்லாமல் வந்தவன் பாசமில்லாதவன். நல்ல வழக்கமா கெட்ட வழக்கமா என்று என்னைக் கேட்காதீர்கள். கதை சொல்வதுதான் என் வேலை.

ஒருநாள் அரண்மனை விருந்துக்குக் கோரைச்சடையன் என்கிற மந்திரவாதி வந்தான். கத்தரிக்காய்க் கொத்சு இலையில் விழுந்தது. சாப்பிட்டான். இன்னும் கேட்டான். மறுபடியும் கேட்டான். அப்புறம் முகத்தைச் சுளித்து, "காரம் பத்தலையே!" என்றான்.

வேலாயுதத்துக்கு வாய் சும்மா இருக்காது. "மூணாவது தடவை வாங்கிச் சாப்பிடுறப்பதான் தெரிஞ்சுதா சாமி?" என்று கேட்டுவிட்டான்.

சபை சிரித்தது. மந்திரவாதிக்கு மூக்குக்கு மேல் கோபம். "வாயா பேசுறே? இனிமே வாயே இல்லாம கிட!" என்று கமண்டலத்துத் தண்ணீரை விசிறினான். வேலாயுதம் நின்ற இடத்தில் ஒரு சின்னக் கத்தரிச் செடி நின்றது.

பூங்காவனம் ஓடிவந்து காலில் விழுந்தாள். மந்திரவாதி விரலை மடக்கிச் சொன்னான். "ஒண்ணு, செடி கூரைக்கு வெளியே போச்சுன்னா சாம்பல். ரெண்டு, ஒரு மண்டலத்துக்குள்ளே ஒரு காயாவது முத்தி, அதை நீ உன் கையால பறிச்சா மனுஷன். மூணு, அதுக்குள்ளே வேர் செத்துதுன்னா அவனும் செத்தான்." சொல்லிவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் போனான்.

ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். பூங்காவனம் செடியைத் தொட்டியில் வைத்து, கூடத்தில் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வைத்தாள். சேதி ஊருக்குப் பரவியது. வேலாயுதம் எல்லோருக்கும் வேண்டியவன். சும்மா இருப்பார்களா? மந்திரி வந்தார், ஒரு செம்பு ஊற்றினார். சேனாதிபதி வந்தார், ஒரு செம்பு ஊற்றினார். வண்ணார் வந்தார், வாணியர் வந்தார், வாசல் பெருக்குகிறவர் வந்தார், ஆளுக்கொரு செம்பு. வேலாயுதத்தின் ஆத்தா மாரியாயி விடிந்தால் ஒன்று, உச்சிக்கு ஒன்று, பொழுது சாய்ந்தால் ஒன்று. பூங்காவனமும் ஊற்றினாள். ஊற்றி ஊற்றி அழுதாள்.

பத்தாம் நாள் கூடத்தில் ஒரு பொடி ஈ பறந்தது. பதினைந்தாம் நாள் நூறு. இருபதாம் நாள் கணக்கே இல்லை. வாயைத் திறந்தால் வாயில், மூச்சை இழுத்தால் மூக்கில், ராஜாவின் பாயசத்தில் முந்திரிக்குப் பக்கத்தில். மந்திரவாதி ஏவிவிட்டான் என்று ஊர் பேசியது. அவனுக்கு அதுதான் வேலையா! அவை தாமாகவே வந்த ஈக்கள். செடியோ இலை தொங்கி வாடியது. தாகத்தில் வாடுது பாவம் என்று எல்லோரும் இன்னொரு செம்பு ஊற்றினார்கள்.

அரண்மனை வைத்தியர் சாம்பிராணி போட்டார். ஈ போச்சு, அரை நாழிகையில் திரும்பி வந்தாச்சு. சேனாதிபதி முறத்தோடு ஐம்பது வீரர்களை நிறுத்தி விசிறச் சொன்னார். ஈ போச்சு, முறம் ஓய்ந்ததும் வந்தாச்சு. ஜோசியர் தொட்டிக்குத் தாயத்துக் கட்டினார். ஈ போகவே இல்லை, தாயத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

பூங்காவனம் தொட்டியடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "இனி என்ன செய்வேன்? என் கண்ணு முன்னாலேயே போறாரே!"

"இச்... இச்..." என்று மேலே சத்தம். சுவரில் ஒரு பல்லி. தின்று தின்று நகர முடியாமல் கொழுத்த பல்லி.

"அழுகையை நிறுத்து. அந்தக் கண்ணீரும் தொட்டியிலதான் விழுது" என்றது பல்லி.

"நீ பேசுவியா?"

"கேட்டா பேசுவேன். இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேக்கலியே. பத்து நாளா இந்த ஈயைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன், நாக்கு செத்துப்போச்சு. அதனால சொல்றேன். பறக்குறதை விரட்டி என்ன புண்ணியம்? அதெல்லாம் தாய். பிள்ளைக தொட்டிக்குள்ளே இருக்கு. மண்ணைக் கிளறிப் பாரு."

பூங்காவனம் விரலால் கிளறினாள். சொதசொதவென்ற மண்ணில், நூல் துண்டு மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. வேரைத் தின்றுகொண்டிருந்தன.

"ஐயையோ!"

"ஈர மண்ணுலதான் ஈ முட்டையிடும். நீங்க ஊத்துற தண்ணிதான் அதுக்குத் தொட்டில். மூணு காரியம் செய். முதல்ல, ஒன்பது நாள் ஒரு சொட்டு ஊத்தாதே. ரெண்டாவது, வேப்பம் புண்ணாக்கைத் தூவி, மேலே ரெண்டு விரற்கடைக்குக் காய்ஞ்ச மணலைப் பரப்பு. மூணாவது, பலகையில மஞ்சளை அப்பி, அது காய்ஞ்சதும் விளக்கெண்ணெய் தடவி நிறுத்து. மஞ்சளைக் கண்டா ஈ தானா வந்து ஒட்டும்."

புண்ணாக்கு செக்கடியில் கிடைத்தது. மணல் ஆற்றில் கிடைத்தது. மஞ்சள் அவள் வீட்டிலேயே இருந்தது. ஊற்றாமல் இருப்பதுதான் கஷ்டம். வாடிக் கிடக்கிறவனுக்கு எப்படித் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது? பல்லி சொன்னது பொய்யாக இருந்தால்? தன் கையாலேயே அவனைக் கொன்றவள் ஆகிவிடுவாளே! ஆனாலும் புண்ணாக்கைத் தூவி, மணலைப் பரப்பி, மஞ்சள் பலகையை நிறுத்தினாள்.

விடிந்ததும் மாரியாயி செம்போடு வந்தாள்.

"ஊத்தாதீங்க அத்தை."

"என்னடி சொல்றே? எம்புள்ள தொண்டை வறண்டு தொங்குறான், கண்ணு தெரியலையா உனக்கு?"

வழக்கப்படி கொண்டுவந்த தண்ணீரைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது. பூங்காவனம் செம்பை வாங்கினாள். மடக் மடக்கென்று தானே குடித்துவிட்டு வெறும் செம்பைக் கொடுத்தாள். மந்திரி வந்தார், அவர் செம்பையும் வாங்கிக் குடித்தாள். வண்ணார் வந்தார், வாணியர் வந்தார், வாங்கி வாங்கிக் குடித்தாள். புருஷன் வாய்த் தண்ணியைப் பிடுங்கிக் குடிக்கிறாள், இவளும் ஒரு பெண்டாட்டியா என்று ஊர் தூற்றியது. தண்ணீரை நிறுத்திய மூன்றாம் நாள் ஓர் இலை மஞ்சளித்து உதிர்ந்தது. ஐந்தாம் நாள் இன்னோர் இலை. மாரியாயி அந்த இலைகளை மடியில் வைத்துக்கொண்டு, "கொலைகாரி! கொலைகாரி!" என்று கூடத்தில் உருண்டு அழுதாள். பூங்காவனமும் அழுதாள். ஆனால் தொட்டியைவிட்டுத் தள்ளிப் போய் அழுதாள்.

ஏழாம் நாள் மஞ்சள் பலகை கறுத்துவிட்டது, அத்தனை ஈ. புதிதாகப் பறப்பவை பத்தோ பன்னிரண்டோதான்.

எட்டாம் நாள் தாடி வைத்த ஒரு சாமியார் வந்தார். கையில் கமண்டலம். "அம்மா, புனித நதித் தீர்த்தம். ஒரு மடக்கு ஊத்தினா உடனே துளிர்க்கும்" என்றார். மாரியாயி ஓடிவந்து, "சாமி தீர்த்தம்டி! இதுக்கும் குறுக்கே நிக்காதே" என்று கும்பிட்டாள்.

பூங்காவனம் கமண்டலத்தை வாங்கினாள். குடிக்கலாமென்றால் முடியாது. காலையிலிருந்து இருபத்தேழு செம்பு குடித்திருந்தாள், இன்னொரு வாய் இறங்காது. சாமியாரைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் தண்ணீரை வெளியே விசிறிக் கொட்டினாள்.

"அடிப்பாவி!" என்று சாமியார் அலறினார். தாடி கழன்றது. பார்த்தால் கோரைச்சடையன்! அவன் மந்திரமெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. செம்பு செம்பாக ஊர் ஊற்றியும் வேர் சாகவில்லையே என்று முடித்துவைக்க வந்தவன், இருந்ததையும் தொலைத்தான். "ஓம் ரீம்" என்றான், ஒன்றும் நடக்கவில்லை. "ரீம் ஓம்" என்றான், அதுவும் நடக்கவில்லை. வீரர்கள் முறத்தாலேயே அடித்து எல்லைக்கு வெளியே விட்டுவந்தார்கள்.

ஆனால் போட்ட சாபம் போட்டதுதான். காய் காய்த்தாக வேண்டும்.

பத்தாம் நாள் பூங்காவனம் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தொட்டியை அதில் வைத்தாள். அடித்துளை வழியாக மண் வேண்டிய மட்டும் குடித்தது, மேல்மணல் காய்ந்தே கிடந்தது. அதிலிருந்து மூன்றாம் நாள் ஒரு துளிர். அப்புறம் ஊதா நிறத்தில் ஒரு பூ. கூடத்துக்குள் வண்டு வந்து மகரந்தம் சேர்க்காதே என்று அதை விரலால் மெல்லச் சுண்டிவிட்டாள். பிஞ்சு பிடித்தது. மாரியாயி இப்போது செம்பு கொண்டுவருவதில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் காய் பளபளவென்று முற்றித் தொங்கியது. கூடம் நிறைய சனம். பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு காம்பைக் கிள்ளினாள்.

தொட்டிக்குள் வேலாயுதம் நின்றான், முழங்கால் வரை மணல்.

பூங்காவனம் அவன் கையைப் பிடித்தாள். ஒன்பது நாளும் மனசை அறுத்த அந்த ஒன்றைத்தான் கேட்டாள். "ரொம்பத் தாகமா இருந்துச்சா? என்மேல கோவமா?"

"தாகமா? முங்கிச் செத்துக்கிட்டிருந்தேன் புள்ள" என்றான் வேலாயுதம். "அன்னிக்கு ஆத்தா கையில இருந்த செம்பை நீ பிடிச்சியே, அப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு."

மாரியாயி மாரில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, நூறு செம்பு நான்தானேடா ஊத்தினேன்! போதும்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஒவ்வொரு செம்புக்கும் கத்தினேன் ஆத்தா. செடி கத்தினா யாருக்குக் கேக்குது?"

மற்றவர்கள் சொல்லும் கதையெல்லாம் முடிந்த பிறகுதான் கத்தரிக்காய் காய்க்கும். இந்தக் கதையில் கத்தரிக்காய் காய்த்த பிறகுதான் கதை முடிந்தது.