நாற்பதாவது நிமிடம்

“ஆறு தடவ அனுப்பினேன். ஆறு தடவயும் திருப்பிட்டீங்க. நேர்லயே கேட்டுருவோம்னு பஸ் ஏறி வந்துட்டேன் மேடம்” என்றார் பிரிட்டோ.

பிரிட்டோவுக்கு ஐம்பத்து மூன்று வயது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் சமுதாய வானொலி நடத்துகிறார்.

எதிரே உட்கார்ந்திருந்த இசக்கியம்மாளுக்கு இருபத்தேழு. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, ஊர் உலகமெல்லாம் சேர்ந்து இலவசமாக எழுதும் ஒரு கர்னலின் ஒலிப் பகுதிக்குக் காவல் இருக்கிறார். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் மேய்க்கிற ஆதார நிரல் அது. இவர் தலையசைக்காமல் அதற்குள் ஒரு வரி போகாது.

யார் குரு, யார் சீடர் என்று பார்க்க அங்கே யாரும் வயதுச் சான்றிதழ் கேட்பதில்லை.

பிரிட்டோ எழுதி அனுப்பியது ஒரு டிரைவர். நிலையத்தில் கிடக்கும் மலிவான சவுண்ட் கார்டைக் கர்னலோடு பேசவைக்கிற நிரல்.

“சத்தம் நல்லாத்தான வருது?” என்றார் இசக்கியம்மாள்.

“நாப்பது நிமிஷம் வருது. அப்புறம் விக்குது.”

“விக்கினா என்ன?”

பிரிட்டோவின் முகம் சுருங்கிவிட்டது.

“போன மாசம் காத்து எச்சரிக்கை வாசிக்கைல விக்குச்சு மேடம். ‘கடலுக்கு’ங்கிறது வரைக்கும் கேட்டுது. ‘போகாதீங்க’ கேக்கல. என் தம்பி படகு போயிட்டுது. மறுநா சாயங்காலந்தான் கரைக்கு வந்தான். அது வரைக்கும் எனக்கு உசுரே இல்ல.”

இசக்கியம்மாள் கம்ப்யூட்டரை மூடி வைத்தார். பிறகு எழுந்தார்.

“வாங்க அண்ணாச்சி, டீ குடிச்சிட்டு வருவோம். நடந்துட்டே சொல்லுங்க.”

பிரிட்டோவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் நிரலைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் வராது? கையை வீசிக்கொண்டு நடந்தார்.

“வினாடிக்கு நாப்பத்தெட்டாயிரம் துண்டு சத்தம் மேடம். நான் கம்ப்யூட்டர் கடிகாரத்தப் பாக்குதேன். இத்தன நேரம் ஆச்சு, அப்போ கார்டு இத்தன துண்டு வாசிச்சிருக்கும். அந்தக் கணக்குல அடுத்தத வைக்கேன். இம்மி பிசகாது.”

“ம்” என்றார் இசக்கியம்மாள்.

தபால் ஆபீஸ் போனது. மார்க்கெட் போனது. பிரிட்டோவின் வாய் ஓயவில்லை. கடிகாரம் எவ்வளவு துல்லியமானது என்று விளக்கினார். தன் கணக்கை யார் யாரெல்லாம் சரிபார்த்தார்கள் என்று விளக்கினார். டீக்கடை வந்ததும் “ரெண்டு டீ” என்றார்.

“அப்போ தப்பு கார்டு மேலதான? நீங்களே சொல்லுங்க மேடம்” என்று திரும்பினார்.

பக்கத்தில் யாருமில்லை.

“இவ்வளவு நேரமா யார்ட்ட பேசிட்டு வாரீய?” என்றார் டீக்கடைக்காரர்.

ஐந்தாறு நிமிடம் கழித்து இசக்கியம்மாள் வந்தார். வெறுங்கால். கையில் வார் அறுந்த செருப்பு. தானாக அறுந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

“எங்க மேடம் நின்னுட்டீங்க?”

“தபால் ஆபீஸ் வாசல்லயே நின்னுட்டேன்.”

“கூடவே வாரீங்கன்னுல்லா நெனச்சேன்!”

“எத வச்சு நெனச்சீங்க?”

“இல்ல, நான் நடந்த நடைக்கு, இவ்வளவு நேரத்துல நீங்களும் இங்க…”



டீ வந்தது. பிரிட்டோ அதைத் தொடவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. தம்பியை நினைத்தபோது அழுகையும் வந்தது.

“மேடம்” என்றார் மெதுவாக. “கார்டும் இப்படித்தான் கொஞ்சங்கொஞ்சமாப் பின்தங்கியிருக்குமோ? எது வரைக்கும் வாசிச்சிருக்குன்னு அந்தக் கார்டுகிட்டயே கேட்டா, அது சொல்லுமா?”

இசக்கியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மடக்கு டீ குடித்தார்.

“மொத நாள்ல இருந்தே சொல்லத் தயாராத்தான் இருக்கு அண்ணாச்சி.”