முகத்துவாரத்தில் உட்கார்ந்த கப்பல்

ராஜாக்களுக்குக் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை என்று முளைத்துக்கொண்டிருந்த முன்னொரு காலத்தில், கடலோர நாடொன்றின் ராஜாவுக்குப் பெரிய கப்பல்மேல் ஆசை வந்தது. பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் மூன்றடுக்குக் கப்பல் நிற்கிறதாம். விடுவாரா? தமக்கும் ஒன்று கட்டச் சொன்னார். அது போய்வர, கரையிலிருந்து முகத்துவாரம் தாண்டி ஐந்து ஆள் ஆழத்துக்கு வழி வெட்டும் வேலையைப் பிரதானி கனகசபேசரிடம் ஒப்படைத்தார்.

கனகசபேசர் வேலை பார்த்த அழகைக் கேளுங்கள். அள்ளிய சேற்றைத் தூரக்கடலில் கொண்டுபோய்க் கொட்ட அவருக்குப் பொறுமை இல்லை. முகத்துவாரத்திலேயே கொட்டச் சொல்லிவிட்டார். "கப்பல் தட்டுமே, ஐயா" என்று சொன்ன விகடகவி மருதக்கூத்தனை, "உன் வேலையைப் பார்!" என்று விரட்டினார். ராஜா தம் வெற்றிலைப்பெட்டியை மருதக்கூத்தன் பக்கம் நகர்த்தும்போதெல்லாம் பிரதானிக்கு வயிறு எரியும்.

வழியை எட்டிப் பார்த்த பிரபுக்களோ, "ஆகா, என்ன ஆழம்! சபாஷ்!" என்றார்கள். வெள்ளோட்ட நாள் வந்தது. ராஜாவோடு பிரதானியும் மருதக்கூத்தனும் முப்பது பிரபுக்களும், ஊஞ்சல், அண்டா, பஞ்சணை சகிதம் ஏறிக்கொண்டார்கள். கப்பல் ஜம்மென்று கிளம்பி, முகத்துவாரத்தில் பொத்தென்று உட்கார்ந்தது.

பிரதானி முந்திக்கொண்டார். "அரசே, இது மருதக்கூத்தனின் கரிநாக்கால் வந்த வினை! தட்டும் என்று அன்றே சொன்னான். ஒரு பிடி மண்ணும் அள்ளாமல் அவனே கடலை ஆழமாக்கட்டும்!"

கோபத்தில் இருந்த ராஜா வெற்றிலையை வாயில் போட்டார். "இதை மென்று முடிப்பதற்குள் கப்பல் நகர வேண்டும். தவறினால், மருதக்கூத்தா, பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டைவிட்டே போய்விடு."

நான்கு பெண் பிள்ளைகளோடு மருதக்கூத்தன் எங்கே போவான்? ராஜாவின் தாடை வேறு அசைய ஆரம்பித்துவிட்டது. கீழே பார்த்தான், சேற்றுத் தண்ணீர். நிமிர்ந்து பார்த்தான், முப்பது தொந்திகள். கை கூப்பினான்.

"அரசே, பிரதானியார் ஐந்து ஆள் ஆழம் வெட்டியிருக்கிறார். அவரே இறங்கிக் காட்டட்டும்."

"ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதே!" என்று அலறினார் பிரதானி.

"மூழ்கும் ஆழம் என்றால் கப்பல் ஏன் தட்டியது? தட்டும் ஆழம்தான் என்றால் தங்களுக்கு ஏன் பயம்?"

ராஜா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி, "இறங்கும்!" என்றார்.

கயிற்றைப் பிடித்துக் கண்ணை மூடி இறங்கிய பிரதானிக்குத் தண்ணீர் மார்பளவுதான் வந்தது.

"ஆழத்தைப் பார்த்துச் சபாஷ் போட்ட பிரபுக்களும் இறங்கட்டும், அரசே. சாமான்களோடு" என்றான் மருதக்கூத்தன். ராஜா தலையசைத்தார். அண்டாவும் ஊஞ்சல் பலகையும் தலைமேல் ஏற, முப்பது பேரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

சுக்கான் பிடித்தவன் கத்தினான்: "சாமி, தூக்குது! கப்பல் தூக்குது!"

கப்பல் மெல்ல நகர்ந்து ஆழக்கடலுக்குள் போனது. ராஜாவின் வாயில் வெற்றிலை இன்னும் பாக்கி இருந்தது.

"மண்ணைத் தொடாமல் எப்படியடா ஆழமாக்கினாய்?"

"நான் எங்கே ஆழமாக்கினேன், அரசே? பாரத்தை இறக்கினேன். கப்பலுக்கு இருக்கிற ஆழமே போதுமென்று ஆகிவிட்டது."

ராஜா திரும்பிப் பார்த்தார். பட்டும் பீதாம்பரமுமாக முப்பத்தொரு பேர் மார்பளவுத் தண்ணீரில் சாமான் சுமந்து நின்றார்கள். வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தவர், கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதக்கூத்தனுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"எனக்கு ஒன்றும் வேண்டாம், அரசே. நாம் இதே வழியாகத்தானே திரும்ப வேண்டும்? அவர்களுக்கு ஆளுக்கொரு மண்வெட்டி அனுப்பினால் போதும்."