கத்துகிற மரமும் கத்தாத மரமும்

உங்களில் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். நிம்மதியாகத் தூங்கி எழுகிறார், வயிறாரச் சாப்பிடுகிறார், எல்லாம் தானாக நடந்ததுபோல ஏப்பம் விட்டுக்கொண்டு போகிறார். யாரால் தூங்கினோம், யாரால் சாப்பிட்டோம் என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. கேட்டால், "அவர்கள் எனக்காகவா செய்தார்கள்?" என்று எதிர்க்கேள்வி வேறு. அவருக்காகத்தான் இந்தக் கதை. மற்றவர்களும் கேட்கலாம்.

ஒரு காட்டோரத்தில் ஓர் ஏரி. ஏரித் தண்ணீரின் மேல் குனிந்தபடி ஒரு கருவேலமரம். மழைக்காலம் வந்தால் அந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்ன ஆரம்பித்துவிடும். ஆண்குருவி பாதிக் கூட்டைப் பின்னித் தொங்கவிடும். பெண்குருவி வந்து இழுத்துப் பார்க்கும், உள்ளே உட்கார்ந்து பார்க்கும். பிடித்தால் குடிவரும். பிடிக்காவிட்டால் அடுத்த கிளைக்குப் போய்விடும்.

அங்கே பொன்முடி என்றோர் ஆண்குருவி இருந்தது. நெசவில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. போன மழைக்கு அதன் கூட்டில் குஞ்சுகள் பொரித்துப் பறந்துபோயின. அன்றிலிருந்து அதன் பேச்சே மாறிவிட்டது. தன் முடிச்சைப் பார்த்துத்தான் பெண்குருவி குடிவந்தது, தன் முடிச்சின் பலத்தால்தான் குஞ்சுகள் பிழைத்தன என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

அந்த மரத்தின் உச்சிக் கிளையில் பிளந்த வாலுடைய ஒரு கரிச்சான் குடியிருந்தது. அதற்கு மூக்கு நுனியில் கோபம். விடியும்போதே கத்தல். காக்கை வந்தால் துரத்தல், பருந்து வந்தால் பாய்ச்சல், சும்மா போகிற கொக்குக்கும் ஒரு கொத்து.

இந்த மழைக்கு முன் பொன்முடி அதனிடம் பேரம் பேசப் போனது. வெயில் ஏறும்வரை கத்தாமல் இருந்தால், ஈசல் எங்கே கிளம்பினாலும் முதல் தகவல் தருவதாகச் சொன்னது. கரிச்சானோ அதை ஏரியின் பாதி தூரம்வரை துரத்திவிட்டுத் திரும்பியது.

பொன்முடிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சத்தக்காரனோடு இனி ஒரே மரத்தில் இருக்க முடியாது என்று மற்ற குருவிகளிடம் அறிவித்தது.

"வீட்டைப் பார்த்துத்தானே பெண்கள் வருகிறார்கள்? என் வீடு எங்கே தொங்குகிறதோ, அங்கே வருவார்கள்" என்றது.

அக்கரையில் ஓர் ஈச்சமரம் இருந்தது. ஓசை இல்லை, சண்டை இல்லை, ஓலை அசைவது கேட்கும். பொன்முடி அங்கே போய்த் தன் வாழ்நாளிலேயே சிறந்த கூட்டைப் பின்னியது. நெல்லிலையைக் கிழித்துக் கிழித்து எடுத்து வந்தது. காற்றில் ஆடாமல் இருக்க உள்ளே களிமண் அப்பியது. பச்சை மாறாத கூடு, பார்க்கப் பளபளவென்று இருந்தது.

ஒரு பெண்குருவி வந்தது. நெசவைப் புகழ்ந்தது. மேல்மட்டையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. யாரும் இல்லை, அமைதியான இடம் என்று பொன்முடி பெருமையாகச் சொன்னது. "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பெண்குருவி பறந்துவிட்டது. அடுத்து வந்ததும் அதையே கேட்டது, அப்படியே போனது.

பொன்முடி இன்னும் கொஞ்சம் களிமண் அப்பியது. கூட்டின் பச்சை மெல்லப் பழுப்பாகத் தொடங்கியது. காய்ந்த கூட்டை எந்தப் பெண்குருவியும் ஏறெடுத்துப் பார்க்காது. மழை முடிந்துவிட்டால் இந்த வருஷம் குடும்பமும் இல்லை, குஞ்சும் இல்லை.

கடைசியாக ஒரு வாய்த்துடுக்கான பெண்குருவி வந்தது. கூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தது.

"நெசவுக்காரரே, குறை சொல்ல ஒரு முடிச்சுகூட இல்லை" என்றது.

"பிறகென்ன? குடிவர வேண்டியதுதானே?"

"காற்று வந்தால் உம்முடைய முடிச்சு தாங்கும். காக்கை வந்தால்?"

பொன்முடி சிரித்தது. போன வருஷம் எந்தக் காக்கையும் தன் கூட்டின் பக்கம் வந்ததே இல்லை என்றது. எந்த மரம் அது என்று பெண்குருவி கேட்டது. அக்கரைக் கருவேலமரம், அந்தக் கத்துகிற மரம் என்று பொன்முடி சொன்னது.

"அப்படியென்றால் காக்கை பயந்தது உம்முடைய முடிச்சுக்கு இல்லையே" என்றது பெண்குருவி.

அது சொல்லி வாய் மூடவில்லை, ஒரு காக்கை வந்து மட்டையில் உட்கார்ந்தது. யாரையும் சட்டை செய்யாமல் கூட்டைக் கிழித்து மூக்கை விட்டுத் துழாவியது. முட்டை இல்லை என்று தெரிந்ததும் கூட்டைப் பிய்த்துக் கீழே போட்டது. பொன்முடி தொண்டை கிழியக் கத்திப் பார்த்தது. காக்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறகைக் கோதிவிட்டு, சாவகாசமாகக் கிளம்பியது.

உள்ளே முட்டை இருந்திருந்தால்? போன மழையில் குஞ்சுகளை இறகுக்குள் அணைத்துக்கொண்டு அப்போது குடிவந்த பெண்குருவி தூங்கியதும், வெளியே கொட்டுகிற மழையில் கரிச்சான் நனைந்துகொண்டே காக்கையைத் துரத்தியதும், சத்தம் தாங்கவில்லை என்று தான் திட்டியதும் நினைவுக்கு வந்தன.

பொன்முடி நேராகக் கருவேலமரத்துக்குப் பறந்தது. நல்ல கிளைகளையெல்லாம் மற்ற குருவிகள் பிடித்துவிட்டன. கரிச்சானுக்கு நேர் கீழே ஒரு கிளை மட்டும் காலி. கொத்து விழும் என்று யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. பொன்முடி அங்கேதான் போய் உட்கார்ந்தது.

"அண்ணே, இந்த இடத்துக்கு என்ன கேட்கிறீர்கள்? எதுவானாலும் தருகிறேன்."

கரிச்சான் குனிந்து முறைத்தது. "நான் எதையும் விற்கவில்லையே. என் முட்டைக்காகக் கத்துகிறேன். உனக்காகவா கத்தினேன்? நீ எனக்கு ஒன்றும் தர வேண்டாம், போ."

பேரத்துக்கு வழியில்லை. பொன்முடி தலையைக் குனிந்தது.

"எனக்காக இல்லைதான்" என்றது. "ஆனாலும் என் பிள்ளைகள் பிழைத்தார்கள் அண்ணே. நான் உங்களைத் திட்டிக்கொண்டே நிம்மதியாக இருந்தேன். நன்றி."

கரிச்சான் கத்துவதற்கு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. அந்த வார்த்தையை அதனிடம் இதுவரை யாரும் சொன்னதே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேலையைப் பார்" என்று முணுமுணுத்தது.

பொன்முடி வேலையைப் பார்த்தது. புதுக் கூடு பச்சையாக இருக்கும்போதே அந்த வாய்த்துடுக்குக்காரி குடிவந்துவிட்டது. கூட்டுக்குள் முட்டை விழுந்த மறுநாள் காலை, மேலே பார்த்துப் பொன்முடி மறுபடி நன்றி சொன்னது. பக்கத்துக் கிளைக் குருவிகள் அதைக் கேட்டு ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்து, மரம் முழுக்க ஒரே கீச்சுக்குரல். அன்று விடியலில் கரிச்சானுக்குக் கத்த இடமே கிடைக்கவில்லை. வெட்கம் தாங்க முடியாமல் அது கீழே பறந்துபோய், பாவம், கரையில் சும்மா மேய்ந்துகொண்டிருந்த ஓர் எருமையைத் துரத்தியது.

நீதி: நமக்கென்று செய்யாவிட்டாலும் நாம் வாழ்ந்தது அவர்களால் என்றால், அதற்கும் நன்றி உண்டு. இன்னும் வாய் திறக்காமல் இருக்கிறவரே, இன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.